அலுமாரியில் தொங்குகிற செம்மஞ்சள்

போன கிழமை அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு செம்மஞ்சள் பஞ்சாபி உடுப்பு கையில் அகப்பட்டது. 2011ல் ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்குப் போன இடத்தில் வாங்கியது. கடைக்குள் ஏசி, முழு உயரக் கண்ணாடி, மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் என் முகம்கூட எனக்குப் பிடித்திருந்தது. திருகோணமலைக்கு வந்து ஆனி மாதக் கச்சான் காற்றில் (கொறிக்கிற கச்சான் இல்லை, காது சுடுகிற கச்சான்) அதைப் போட்டுக்கொண்டு வங்கி வரைக்கும் நடந்தேன். திரும்பி வரும்போது துணி முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அதோடு சரி.

எங்களுக்கு உடுப்புத் தெரிவு செய்ய வராது என்பதைக் காசு இல்லாத குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. பழகச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், ஆண்டு ஒன்றிலிருந்து உயர்தரம் முடியும்வரை பதின்மூன்று வருடம் வெள்ளைச் சீருடை. மிச்ச நாளுக்கு அம்மா எடுப்பதுதான். தீபாவளிக்கு ஒரே துணியில் வெட்டி அக்காவுக்கும் எனக்கும் தங்கச்சிக்கும் மூன்று சட்டை. அதுவும் வளர்வோம் என்று இரண்டு அங்குலம் பெரிதாக. சித்திரைப் புத்தாண்டு என்றால் நிறத்தையும் பஞ்சாங்கமே சொல்லிவிடும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கமும் இரண்டு நிறம் சொல்லும் வருடங்களில்தான் எங்கள் வீட்டில் ஃபேஷன் பற்றி வாக்குவாதமே நடக்கும்.

பத்தொன்பது வயதில் முதல் சம்பளத்தோடு புடவைக்கடைக்குள் போனவளுக்கு என்ன தெரியும்? பக்கத்தில் நிற்பவள் எடுப்பதை எடுத்தேன். கடைக்காரர் "உங்கட நிறத்துக்கு இது எடுப்பாயிருக்கும்" என்றால் நம்பினேன். எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறார் என்று புரியவே ஐந்தாறு வருடம் போனது.

எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் அன்புவழிபுரத்தில் வீட்டோடு தைக்கிற ஓர் அக்கா. கொட்டன் என்று சொல்லி விற்ற ஒரு துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது கொட்டன் இல்ல பிள்ளை."

"கடையில அப்பிடித்தானே அக்கா சொன்னாங்க."

அவர் பதில் சொல்லவில்லை. துணியின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி நெருப்புக்குச்சியைக் கிழித்தார். பருத்தி இழை என்றால் கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாக உதிர்ந்துவிடும். இது சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாய் ஒரு மணி கட்டிக்கொண்டது. ஆறியபிறகு நகத்தால் நசுக்கிப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது.

பிறகுதான் அதைப் பற்றி வாசித்தேன். பருத்தி தன் எடையில் 8 வீதத்துக்கு மேல் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். பொலியஸ்டர் அரை வீதம்கூட இழுக்காது. கடலோர ஊரில் வேர்க்கிற உடம்புக்கு இதைவிட முக்கியமான கணக்கு இல்லை. ரேயோனும் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் நனைந்தால் பலம் போய்விடும். முறுக்கிப் பிழிந்து நான் கெடுத்தவை மூன்று.

இதற்காகப் பருத்திதான் வேதம் என்று சொல்லவரவில்லை. மாரியில், கார்த்திகை மார்கழியில், கொடியில் போட்ட பருத்தி மூன்று நாளானாலும் காயாது, புளித்த மணம் வேறு. அந்த இரண்டு மாதத்துக்கென்று செயற்கைத் துணியில் இரண்டு சட்டை வைத்திருக்கிறேன். கூச்சமில்லை.

2022ல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறியபோது இந்தியச் சீலை விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வெளியே வந்தேன். அப்போதுதான் மருதமுனைக் கைத்தறியை ஒழுங்காகத் தொட்டுப் பார்த்தேன். கிழக்கிலேயே நெய்கிறார்கள். நான் என்னவென்றால் அதை அப்பா இடுப்பில் கட்டுகிற சாரம் என்று மட்டும் நினைத்திருந்தேன்! முதல் கழுவலில் கொஞ்சம் சாயம் விடும், அதன்பிறகு கழுவக் கழுவத்தான் மிருதுவாகும். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சி, லேபிள் வெட்டப்பட்டு வருகிற சட்டைகளையும் இப்போது விடுவதில்லை. உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தால் தரம் தெரிந்துவிடும்.

இப்படியெல்லாம் பார்க்கத் தொடங்கினதில் என் அலுமாரி தானாகவே சுருங்கிவிட்டது. கடும்பச்சை, நீலம், மண்நிறம். முழங்காலுக்குக் கீழே நீளம், முக்கால் கை, கட்டாயம் ஒரு பொக்கற். யாரும் சொல்லித் தந்ததில்லை. உடுத்தாமல் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்ததில் மிஞ்சினது இதுதான். ஸ்டைல் என்று பெரிய பெயர் வைக்க வேண்டுமென்றால் வையுங்கள்.

ஒரே ஒரு தொல்லை, சனம். "போன கலியாணத்துக்கும் இதைத்தானே உடுத்தனீ?" என்று போன மாதம் ஒரு மாமி பந்தியிலேயே கேட்டார். ஓம் மாமி, அடுத்ததுக்கும் இதுதான் என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகநூலில் படம் ஏறிவிட்டால் சீலையும் பழசாகிவிடுகிறது என்ற இந்தப் பயம்தான் எங்கள் பெண்களின் காசை அதிகம் தின்கிறது என்பேன். அம்மாவுக்குக் கோயிலுக்கென்று ஒரு சீலைதான். கோணேசர் கோயிலடியில் எடுத்த எல்லாப் படத்திலும் அதுதான் இருக்கிறது. யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

செம்மஞ்சளை இந்த முறையும் வீச மனம் வரவில்லை, மடித்து மேல்தட்டில் வைத்துவிட்டேன். நாளைக்குத் தையல் அக்காவிடம் போகவேண்டும். கைத்தறித் துணி இரண்டரை மீட்டர், ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துச் சுருங்கவிட்டுக் காயவைத்தாயிற்று. கழுத்து விஷயத்தில்தான் அவருக்கும் எனக்கும் பன்னிரண்டு வருடமாக ஒத்துவரவில்லை. நான் சதுரம் என்பேன், அவர் வட்டமாக வெட்டி வைத்திருப்பார்.