ராத்னோதியைக் கோட்டுப்பையிலிருந்து வெளியே எடுங்கள்

ஹங்கேரியக் கவிஞர் மிக்லோஷ் ராத்னோதி பற்றி யார் எழுதினாலும் பிணத்தின் கோட்டுப்பையில் கிடைத்த குறிப்பேட்டில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். நடந்தது அதுதான். 1944 நவம்பரில் ஹங்கேரியின் அப்தா கிராமத்துக்கு அருகே அவரை 21 பேரோடு சுட்டுப் புதைத்தார்கள். 1946 ஜூனில் குழியைத் தோண்டியபோது குறிப்பேடு கிடைத்தது. ஆனால் அதிலிருந்த பத்துக் கவிதைகளுமே மண்ணுக்குள்ளிருந்து மட்டும்தான் வந்தன என்பது தப்பு. ஐந்தை அவர் கட்டாய உழைப்பு முகாமிலேயே படியெடுத்து, உடனிருந்த ஷாந்தோர் சலாயிடம் கொடுத்திருந்தார். சலாய் உயிர் பிழைத்தார். குறிப்பேடு மட்டுமே காப்பாற்றியது ‘வேர்’ கவிதையையும் நான்கு ‘ராஸ்க்லெத்னித்ஸா’ கவிதைகளையும். செர்பிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் படம்போட்ட அஞ்சலட்டை என்று பொருள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: யாப்பு. செர்பியாவின் செப்புச் சுரங்க ஊரைச் (பெயர் ‘போர்’, நம் போர் அல்ல) சேர்ந்த கட்டாய உழைப்பு முகாமில் அடைபட்ட மனிதர், 1944 ஜூலையில் பழைய ரோமானியக் கவி வர்ஜிலின் அறுசீர் அடியில் ‘ஏழாம் எக்லாக்’ (எக்லாக் என்றால் ஆயர் பாட்டு) எழுதுகிறார். ஹங்கேரியனில் இந்த யாப்பு அசையின் நீளத்தில் நிற்பது. நெடில் வந்தால் நீளம்; குறிலுக்குப் பின் இரண்டு மெய் வந்தாலும் நீளம். சீருக்கு ஒரு நெட்டசை, இரண்டு குற்றசை. இரண்டு குற்றசைக்குப் பதில் ஒரு நெட்டசையும் வரலாம். ஐந்தாம் சீரில் பெரும்பாலும் அப்படி மாற்றுவதில்லை. ஆறாவதில் இரண்டே அசை.

இது தெரிந்தால்தான் அந்தக் கவிதையில் அவர் மனைவி ஃபன்னியிடம் சொல்வது உறைக்கும்: இருட்டில் வரிக்குக் கீழே வரியாகத் தடவித் தடவி, உயிரெழுத்தின் மேல் குறி போடாமல் எழுதுகிறேன் என்கிறார். குறிலா நெடிலா என்று காட்டுவது அந்தக் குறிதான். புள்ளியும் ஏகார ஓகார வேறுபாடும் இல்லாத ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு விளக்க வேண்டாம். எழுத்தில் நீளம் காட்ட வழியில்லை, காதிலோ ஒரு மாத்திரை பிசகவில்லை.

ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் இதை வசனமாக உடைத்துப் போடுகிறார்கள். அறுசீர் விருத்தத்தில் அடைப்பதும் சரிவராது. எதுகை வந்து பாட்டாகிவிடும். எக்லாக் இயைபில்லாத பேச்சு. எதுகையை விட்டுவிட்டு, ஆறு அழுத்தம் விழும் நீண்ட அடியே போதும்.

அவருடைய ‘கட்டாய நடை’ என்ற கவிதை அதைவிடச் சிக்கல். வால்டர் ஃபான் டெர் ஃபோகெல்வைடே என்ற இடைக்கால ஜெர்மானியக் கவியின் புலம்பல் வடிவம் அது. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் வெற்றிடம். விழுந்தவன் எழுந்து அடுத்த அடி வைப்பதற்கு முன்னான இடைவெளி அது. அச்சிடும்போது அதை ஒட்டிவிட்டால் கவிதையில் வரும் பிளம் ஜாமும் வேலியோரம் காத்திருக்கும் ஃபன்னியும் வெறும் ஊர்நினைப்பாகச் சுருங்கிவிடும்.

நான்காம் ‘அஞ்சலட்டை’க் கவிதை ஏழே வரி. அக்டோபர் 31 அன்று, மீனெண்ணெய் விளம்பரத் தாளின் பின்புறத்தில் எழுதியது. சுடப்பட்டவனின் உடல் அறுபடப்போகும் தந்திபோல் விறைத்திருக்கிறது. அவன் வயலின்காரன் என்கிறார்கள். ஆறாம் வரியில் மேலிருந்து கேட்கும் குரல் மட்டும் ஜெர்மன்: ‘தேர் ஷ்ப்ரிங்ட் நோஹ் அவுஃப்’. இவன் இன்னும் துள்ளி எழுவான் என்று பொருள். அதைத் தயவுசெய்து தமிழாக்காதீர்கள். அர்த்தத்தை அடிக்குறிப்பில் போடுங்கள், அந்தக் குரல் ஜெர்மனாகவே இருக்கட்டும்.