விருந்துக்கு வெளியே நின்ற அண்ணன்

தேவாலயப் பிரசங்கம் என்பது பிற சமயத்தாரை மதம் மாற அழைக்கும் பேச்சு மட்டுமே என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பது என் அனுபவத்தோடு பொருந்தவில்லை. சைவக் குடும்பத்தில் பிறந்த நான், 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்த காலந்தொட்டு, புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்றான மெதடிஸ்த திருச்சபை வேரூன்றியிருக்கும் மட்டக்களப்பில், நண்பர் அழைத்ததன் பேரில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குச் சென்றிருந்தேன். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடித் தடுமாறிய என்னிடம், அருகிலிருந்த அம்மா தமது புத்தகத்தையே நீட்டி, வரியை விரலால் தொட்டுக் காட்டினார். போதகர் எடுத்துக்கொண்டது பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்து இளைய குமாரன் உவமை: தன் பங்குச் சொத்தை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வரும் இளைய மகனைத் தந்தை விருந்து வைத்து வரவேற்கும் கதை. ஆனால் திரும்பி வந்தவனை விட்டுவிட்டு, விருந்துக்குள் நுழைய மறுத்து வெளியே நின்ற அண்ணனைப் பற்றியே பேசி, காணித் தகராற்றால் வருடக்கணக்கில் முகம் பாராதிருக்கும் சகோதரர்களை நினைவூட்டினார் (எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒன்று உண்டு). நாற்பது நிமிடம் சற்று நீளந்தான். ஒலிபெருக்கியும் தேவைக்கு மேல் இரைந்தது. மதம் மாறச் சொல்லி ஒரு சொல்லும் வரவில்லை.