15-ஆம் தேதி எனக்கு மட்டும்தானா?

திருப்பூர்ல பனியன் கம்பெனிகிட்ட துணி வாங்கி தச்சுக் குடுக்கிற ஜாப் ஒர்க் எடுத்து, பவர் டேபிள்னு சொல்ற மோட்டார் தையல் மெஷின் ஓட்டுறவன் நான். நேத்து 15-ஆம் தேதி. பி.எஃப், இ.எஸ்.ஐ ரெண்டுக்கும் கடைசி நாள். ராத்திரி பதினொன்றரை மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாடி.

எல்லாருக்கும் கட்டியாச்சு. ஓவர்லாக் மெஷின்ல தைக்கப் புதுசா வந்த அக்காவுக்கு மட்டும் முடியல. பி.எஃப் கணக்குக்கு வேண்டிய யுஏஎன் நம்பர் வாங்கணும்னா அரசாங்கத்தோட உமங் ஆப்ல முகம் காட்டணுமாம். அக்கா கையில பட்டன் போன். சரி, என் போன்ல காட்டலாம்னா ஓடிபி ஆதார்ல இருக்கிற நம்பருக்குப் போகுது. அந்த சிம் தொலைஞ்சு மூணு வருஷமாச்சு. நம்பர் மாத்த ஆதார் சென்டர்ல அரை நாள் நிக்கணும். பீஸ் ரேட்டுல தைக்கிறவங்களுக்கு அந்தக் கூலியை யார் குடுக்கிறது?

பி.எஃப் கட்டுறதுல எனக்கு வருத்தமில்லீங்க. எட்டு வருஷம் இருந்த செக்கிங் அக்கா அந்தப் பணத்துலதான் வீட்டுக்கு ஓடு மாத்துச்சு. கொரோனாவுக்கு முன்னாடி 23 பேர், இப்ப 13 பேர். 20 பேருக்குக் கீழ இறங்கினாலும் பி.எஃப் சட்டத்துக்குள்ள ஒருதடவை போனா போனதுதான். அதுவும் சரி, கட்டுறேன்.

ஆனா ஒரு நாள் பிந்தினா வட்டி, அபராதம். தொழிலாளிகிட்டப் பிடிச்ச பங்கு லேட்டானா அது என் வருமானக் கணக்குல ஏறி அதுக்கும் வரி வந்துட்டிருந்துச்சு. 2022-ல சுப்ரீம் கோர்ட்டே அது சரின்னு சொல்லிருச்சு. 29 தொழிலாளர் சட்டத்தை நாலாச் சுருக்கிட்டோம்னு 2025 நவம்பர்ல அறிவிச்சாங்களே, என் மேஜையில ஒரு ரிஜிஸ்டர் குறையல. கன்சல்டன்ட் ஃபீஸ்தான் ஏறுச்சு.

எனக்கு வர வேண்டிய பணத்துக்கும் சட்டம் இருக்கு. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள்ள குடுக்கணும்னு 2006-லயே எழுதி வச்சுட்டாங்க. துணி குடுக்கிற கம்பெனிகிட்ட எனக்கு பில் பாக்கி நாலு மாசமா நிக்குது. கம்ப்ளெயின்ட் பண்ணுன்னு சொல்லாதீங்க. பண்ணினா அடுத்த மாசம் ஒரு கட்டு துணி கூட வராது. வாரச் சம்பளத்துக்கு நான் எங்க போறது?

காலையில அந்த அக்கா வந்து, "ஏஞ்சாமி, எனக்குப் பி.எஃப்பே வேண்டாம், அந்தக் காசை சனிக்கிழமை கையில குடுத்துரு"ங்குது. குடுத்தா நான் குற்றவாளி. ஆதார் சென்டருக்குப் போய்ட்டு வாங்கன்னு அரை நாள் கூலியை என் பாக்கெட்டுல இருந்து எடுத்துக் குடுத்து அனுப்பினேன். அப்படியே பில் பாக்கிக்கு போன் போட்டேன்.

"அடுத்த வாரம் பாக்கலாங்க"ன்னு வச்சுட்டாங்க.