'குவாட்ரோபீனியா'வின் ஜிம்மி இறந்துவிடுகிறானா? – உண்மை விளக்கம்

'த ஹூ' என்ற ஆங்கில ராக் இசைக்குழு 1973 அக்டோபரில் வெளியிட்ட 'குவாட்ரோபீனியா' இரட்டை இசைத்தட்டின் நாயகன் ஜிம்மி, கதையின் முடிவில் ஸ்கூட்டரோடு செங்குத்துப் பாறையிலிருந்து பாய்ந்து தற்கொலை செய்துகொள்கிறான் என்றொரு செய்தி பரவி வருகிறது. இது தவறு.

ஸ்கூட்டர் விழும் காட்சி இசைத்தட்டில் இல்லவே இல்லை. அது பிராங்க் ராடம் இயக்கத்தில் 1979-இல் வந்த திரைப்படத்துக்கு உரியது. அந்தப் படத்திலும் பீச்சி ஹெட் பாறையிலிருந்து விழுந்து நொறுங்குவது வண்டி மட்டுமே. ஜிம்மி பாறை விளிம்பை விட்டுத் திரும்பி நடந்து வருவது படத்தின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிடுவதால், முதல் சில நிமிடங்களைத் தவறவிட்டவர்களே பெரும்பாலும் இந்தக் கதையைப் பரப்பியிருக்க வேண்டும்.

குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் எழுதிய மூலக்கதை வேறு வழியில் செல்கிறது. 1960-களின் நடுவில் லண்டனில் வாழும் 'மாட்' கூட்டத்து (நவநாகரிக உடையும் ஸ்கூட்டருமாகத் திரிந்த பிரிட்டிஷ் இளைஞர் கூட்டம்) இளைஞனான ஜிம்மி, தான் விரும்பிய பெண்ணை நண்பனோடு கண்டு மனமுடைந்து, ஸ்கூட்டரை நாசமாக்கிவிட்டு ரயிலேறிக் கடற்கரை நகரமான பிரைட்டனுக்குப் போகிறான். அங்கே, தான் வியந்து பின்பற்றிய மாட் தலைவன் விடுதியொன்றில் பெட்டி தூக்கும் பணியாளனாக இருப்பதைப் பார்த்ததும், தனக்கென எஞ்சியிருந்த கடைசி அடையாளமும் சரிந்துபோக, படகொன்றைத் திருடிக் கடலில் உள்ள ஒரு பாறையை அடைகிறான். படகு நழுவிப் போய்விடுகிறது. உறையுடன் வந்த சிறுநூலில், அந்தப் பாறையில் மழையில் நனைந்தபடி கதையைச் சொல்பவன் ஜிம்மியேதான்! அன்பை வேண்டும் பாடலோடு இசைத்தட்டு முடிகிறது. அதன்பின் அவனுக்கு என்ன ஆயிற்று என்பதை டவுன்ஷெண்ட் வேண்டுமென்றே திறந்து விட்டிருப்பதாகவே அதைக் கேட்கையில் தோன்றுகிறது.