அங்க தண்ணி இல்லண்ணே

இமாச்சலத்து ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குச் சுத்திப்பாக்கப் போன அண்ணன் ஒருத்தர் போட்ட வீடியோவைப் பத்தி ஒரு வரி கூட எழுதக்கூடாதுன்னு மூணு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கும் ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல அனுப்பி "செம காமெடி, பாத்தீங்களா"ங்கிறாங்க. முடியல.

பாத்தேன். லாங்ஸா கிராமத்து ஹோம்ஸ்டேல அண்ணன் கேமராவை நேரா கழிப்பறைக்குள்ள கொண்டுபோய், தரையில இருக்கற ஓட்டையைக் காட்டி மூக்கைப் பிடிச்சுக்கிறார். "ஃப்ளஷ் கூட இல்ல மக்களே!" பின்னாடி அந்த வீட்டு அம்மா பாஷை புரியாம சிரிச்சுக்கிட்டே நிக்கிறாங்க. எனக்கு சுருக்குன்னது அங்கதான்.

அங்க தண்ணி இல்லண்ணே. தெற்கால இருக்கற மலைத்தொடரே மழையை வாங்கிக்கும். ஸ்பிட்டிக்கு வர்றது மிச்சம் மீதிதான். பனி உருகி வர்ற தண்ணியை 'குல்'ங்கற வாய்க்கால்ல இழுத்துத்தான் பச்சைப் பட்டாணியும் பார்லியும் விளையுது, அதுவும் வருஷத்துக்கு ஒரு போகம். லாங்ஸா 4,400 மீட்டர். கொடைக்கானல் தலையில இன்னொரு கொடைக்கானலைத் தூக்கி வச்ச உயரம். குளிர்காலத்துல குழாயே உறைஞ்சுபோற ஊர்ல ஃப்ளஷ்ஷை எங்கண்ணே அமுக்குறது? கீழ் அறையில விழுறதுமேல சாம்பலும் காஞ்ச மண்ணும் போட்டு, மக்கினதும் வயலுக்கு அள்ளிடுவாங்க. வீடியோவுல ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே ஒரு பட்டாணி, அதுக்கு எரு எதுன்னு நினைச்சீங்க?

நான் யோக்கியன்னு சொல்ல வரல. அதே ஊர்ல ஒரு அக்டோபர், ஸ்பிட்டிக்குப் போற வழியில இருக்கற குன்சும் கணவாய் பனியில மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தங்கியிருந்தேன். காலையில எழுந்ததும் ஊர்ப் பழக்கத்துல "ஒரு பக்கெட் சுடுதண்ணி"ன்னேன். அந்த வீட்டு அக்கா ஒண்ணும் சொல்லல. அரை பக்கெட் வந்துச்சு, ரெண்டு நிமிஷத்துல ஊத்திக்கிட்டேன். தலை துவட்டிக்கிட்டு வெளிய வந்தா, டிரம்முல மேலே கட்டியிருந்த ஐஸைக் கரண்டியால உடைச்சு, சொம்பு சொம்பா மொண்டு அடுப்புல வைக்கிறாங்க. எரியுறது வரட்டி. அப்புறம் நாலு நாள் நான் குளிக்கல.

"வெறும் மண் வீடு, பாக்க என்ன இருக்கு"ன்னு வேற ஒரு பஞ்ச். அதே பள்ளத்தாக்குல டாபோங்கற புத்த மடம் இருக்கு. அதுவும் மண்ணுதான். கட்டினது 996ல. நம்ம தஞ்சாவூர்ப் பெரிய கோயில் முடிஞ்சது 1010ல. கருங்கல் நிக்கிறது பெரிய விஷயந்தான், பச்சை மண் சுவர் ஓவியத்தோட ஆயிரம் வருஷம் நிக்குதே! 1975 நிலநடுக்கத்துல அடி வாங்கியும் நிக்குது. மழை கம்மிங்கறதாலதான் நிக்குது. மறுபடியும் அதே கதை: அங்க தண்ணி இல்லண்ணே.

அண்ணனுக்காகப் பேசுறவங்க கேக்கறதும் தெரியும். "காசு குடுத்துத்தானே தங்குறோம்?" ரூமுக்குக் குடுத்தீங்க. அந்த அம்மா மூஞ்சிய வீடியோவுல வச்சு சிரிக்க எவ்வளவு குடுத்தீங்க?

"வயசானவங்க, மூட்டுவலிக்காரங்க என்ன செய்வாங்க?" சரி, நியாயமான கேள்விதான். அண்ணனுக்கு முப்பது வயசு கூட இருக்காது, அதனால அத அப்புறம் பேசலாம்.

"டூரிஸ்ட் வரலன்னா அவங்க பொழப்பு?" வரட்டும், யார் வேணாம்னா? நானும் டூரிஸ்ட்தான். வந்த வீட்டுல மூக்கைப் பிடிக்காதீங்கன்னு சொன்னா, பொழப்பைக் கெடுக்கறேனாம்.

இதையே அங்க கமெண்டா போட்டதுக்கு "வடக்கனுக்கு சொம்பு தூக்குறான்"னு எழுதியிருக்காங்க. எழுதினவனை எனக்குத் தெரியாது, விடுங்க. அதுக்குக் கீழ ஹார்ட் போட்டிருக்கிறது என் சித்தப்பா பையன்.

டேய் தம்பி, இதை நீ படிப்பேன்னு தெரியும். 2019 ஜூன்ல நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியாம, ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு குடத்தை வரிசையில போட்டுட்டு நீயும் நானும் படிக்கட்டுலயே தூங்கினோமே. அன்னைக்கு உங்க வீட்டு பாத்ரூம் கதவுல சித்தி சாக்பீஸால எழுதி வச்சிருந்தது ஞாபகம் இருக்கா? "ஒரு ஆளுக்கு ஒரு மக்கு."