சிக்கித்தோஸ் கோவில்கள் ரோமின் நகலா?
இயேசு சபையினர் (ஜெசூட் என்னும் கத்தோலிக்கத் துறவியர்) போன இடமெல்லாம் ரோமிலுள்ள தங்கள் தலைமைக் கோவிலான ஜெசு ஆலயத்தையே நகலெடுத்தார்கள் என்று அவர்களின் கோவில்களைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வது, தென் அமெரிக்காவில் பொலிவியாவின் சிக்கித்தோஸ் பக்கம் போனால் சுத்தமாகப் பொருந்தாது. அங்கே சான் ஹவியர், கொன்செப்சியோன் ஆகிய ஊர்களின் கோவில்களைக் கட்டியவர் மார்ட்டின் ஷ்மிட் என்ற சுவிஸ் பாதிரியார், இசைக்காரரும்கூட. சுடாத மண்கல் சுவர், முழு மரத்தில் முறுக்கு முறுக்காகச் செதுக்கிய தூண்கள், மழைச்சாரல் சுவரில் படாதபடி தாழ இறங்கும் அகலக் கூரை. இதில் ரோம் எங்கே இருக்கிறது? 1767-இல் ஸ்பெயின் மன்னர் சபையை விரட்டிய பிறகும் ஊர்மக்கள் இவற்றைக் கைவிடவில்லை. 1990-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆறு ஊர்களில் இவ்விரண்டும் உண்டு. ‘எல்லாம் ஐரோப்பியர் கைவண்ணம்’ என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பர் சீனாவின் மக்காவ் நகரையும் கொஞ்சம் பார்க்கட்டும். அங்குள்ள இயேசு சபையின் தூய பவுல் ஆலய முகப்பில், ஏழு தலை நாகத்தை மிதிக்கும் மரியன்னைக்குப் பக்கத்தில் சீன எழுத்தே வெட்டியிருக்கிறது. செதுக்கியவர்களில் ஜப்பானிலிருந்து தப்பி வந்த கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்.