லேப்டாப் நின்றதற்கு காரணம் வேறு

'டெல்லி பணம் தராததால்தான் தருமபுரி பிள்ளைகளுக்கு லேப்டாப் வரவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு கணக்கைக் குழப்பிக்கொள்கிறார். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் முழுக்க மாநில அரசின் பணம். கொரோனா சமயத்திலேயே அது நின்றுபோனது. மத்திய அரசு நிறுத்திவைத்தது பள்ளிக் கல்விக்காக மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின் நிதியை, அதுவும் 2024-25-இல்தான், மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் சுமார் 2,152 கோடி ரூபாய் வரவில்லை. சமக்ர சிக்ஷாவில் மத்திய பங்கு 60 சதவீதம், மாநிலப் பங்கு 40 சதவீதம். அடி விழுவது சம்பளம், பயிற்சி, பராமரிப்பு போன்றவற்றில்.

பென்னாகரம் பக்கம் நான் பார்த்த ஒரு பள்ளியில் கணினிகள் வரிசையாக இருக்கின்றன, யு.பி.எஸ். பேட்டரிதான் செத்துக் கிடக்கிறது. கரண்ட் போனால் பாடமும் போச்சு. திட்டுவதென்றால் திட்டுங்கள், சரி, ஆனால் உரிய இடத்தைப் பார்த்துத் திட்டுங்கள்.